நாச்சஸ் பயணம்: மாளிகையில் தொடங்காதீர்கள்

மார்ச் பிறந்தால் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்திருக்காங்க. நியூ ஆர்லியன்ஸ் காட்டியாச்சு. பக்கத்துல நாச்சஸ்னு ஒரு பழைய ஊர் இருக்காமே, ஒரு நாள் போதுமா?" லூசியானாவின் பேட்டன் ரூஜில் இருந்துகொண்டு, சனி ஞாயிறுகளில் தமிழ்க் குடும்பங்களை வேனில் ஏற்றி மிசிசிப்பி மாநிலத்து நாச்சஸ் மாதிரியான மிசிசிப்பி ஆற்றங்கரை ஊர்களைக் காட்டுவது எனக்கு உபதொழில். புதிதாகப் போகிறவர்கள், நாங்களெல்லாம் ஒரு காலத்தில் விழுந்த அதே குழிகளில் வரிசையாக விழுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். தண்ணீர் பாட்டில், தொப்பி, வசதியான செருப்பு பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

எந்த மாதம் என்று பார்க்காமல் கிளம்புவது

நாச்சஸின் பழைய வீடுகளில் பாதிக்கு மேல் அருங்காட்சியகம் அல்ல. இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். அவற்றில் பல வசந்தகாலத்தில் மட்டும் கதவைத் திறக்கும். மார்ச் நடுவில் தொடங்கி ஏப்ரல் நடு வரை நடக்கும் அந்த 'வசந்த யாத்திரை'யை 1932இல் உள்ளூர்த் தோட்டச் சங்கப் பெண்கள் ஆரம்பித்தார்கள். பருத்தியைப் பூச்சி தின்று, பிறகு பொருளாதார மந்தமும் வந்து, ஊர் கையில் காசில்லாமல் கிடந்த காலம் அது. இருந்தது பெரிய பெரிய வீடுகள் மட்டும். அதையே திறந்து காட்டிக் கட்டணம் வாங்கினார்கள். அன்று பிடித்த சுற்றுலாதான் இன்றும் ஊருக்குச் சோறு போடுகிறது.

மற்ற மாதங்களில் லாங்வுட், ஸ்டாண்டன் ஹால், ரோசலி, மெல்ரோஸ் என்று சில வீடுகள்தான் பொதுமக்களுக்கு. அவற்றுக்கும் விடுமுறை நாள், கடைசி சுற்றுக்கான நேரம் என்று கணக்கு உண்டு. முந்தின நாள் பார்த்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் பலூன் திருவிழா நடக்கும் வார இறுதியில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆகஸ்ட் புழுக்கமோ சென்னைக்காரரையே அழ வைக்கும்.

ஒரே நாளில் மூன்று மாளிகை

என்னை இன்றுவரை எரிச்சல்படுத்தும் தவறு இது. காசும் போகும், நாளும் போகும், ஊரும் கண்ணில் படாது.

நடப்பது இதுதான். இணையத்தில் வெள்ளைத் தூண் வைத்த வீடுகளின் படத்தைப் பார்க்கிறார்கள். மூன்றைத் தேர்ந்தெடுத்து டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். ஆறு பேர் குடும்பம் என்றால் சில நூறு டாலர் அங்கேயே தீர்ந்தது. முதல் வீட்டில் ஆச்சரியம். இரண்டாவது வீட்டில் அதே நாலுகால் கட்டில், அதே சரவிளக்கு, அதே பிரெஞ்சுக் கண்ணாடி. மூன்றாவது வீட்டில் பிள்ளைகள் வேனை விட்டு இறங்கவே மறுக்கிறார்கள். பெரியவர்கள் வராந்தா நாற்காலியில் கண்ணயர்ந்துவிடுகிறார்கள். அதற்குள் மணி நாலரை.

இந்த அவசரத்தில் எப்போதும் அடிபடுவது ஒரே இடம்தான். டிக்கெட்டே தேவையில்லாத, பழைய அடிமைச் சந்தை இருந்த ஃபோர்க்ஸ் ஆஃப் த ரோட். "அங்க பார்க்க என்ன இருக்கு, வெறும் புல்தரைதானே, வண்டியில இருந்தே பாத்துக்கலாம்" என்பார்கள். புல்தரைதான். சில விளக்கப் பலகைகள், சிமெண்டில் பதித்த கை கால் விலங்குச் சங்கிலிகள், பக்கத்தில் போக்குவரத்து இரைச்சல். வேறொன்றும் இல்லை. ஆனால் இந்த ஊரில் நீங்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் ஒவ்வொரு தூணுக்கும் முதல் போட்ட இடம் அதுதான்.

1808இலிருந்து ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வதை அமெரிக்கச் சட்டம் தடுத்துவிட்டது. தென்மேற்கில் பருத்தி நிலம் விரிந்துகொண்டே போக, ஆள் எங்கிருந்து வரும்? வர்ஜீனியா, மேரிலாந்து பக்கம் புகையிலை நிலங்கள் சோர்ந்து கிடந்தன. அங்கிருந்த அடிமைகளை வியாபாரிகள் வாங்கி, சங்கிலியில் பிணைத்து நடத்தியே கூட்டி வந்தார்கள். கப்பலில் நியூ ஆர்லியன்ஸ் வரை கொண்டுவந்து, அங்கிருந்து நீராவிப் படகில் ஏற்றியும் அனுப்பினார்கள். 1833இல் ஒரு வியாபாரி, காலராவில் இறந்த அடிமைகளின் உடல்களை ஊர்ப் பள்ளத்தில் போட்டுவிட்டுப் போனது அம்பலமானது. ஊரார் கொதித்தார்கள். கொதித்து என்ன செய்தார்கள்? வியாபாரத்தை நிறுத்தவில்லை, நகர எல்லைக்கு வெளியே போகச் சொன்னார்கள். எல்லையை ஒட்டிச் சாலை பிரியும் அந்த முச்சந்தியில் சந்தை அப்படித்தான் நிலைத்தது. தென்பகுதியில் நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்து பேர்பெற்ற அடிமைச் சந்தை அது. ஏலம் கிடையாது. புதுத்துணி உடுத்தி வரிசையில் நிறுத்துவார்கள். வாங்க வருகிறவர் கையைப் பார்ப்பார், பல்லைப் பார்ப்பார், பேரம் பேசுவார். உள்நாட்டுப் போரில், 1863இல் வடக்குப் படை ஊரைப் பிடிக்கும்வரை இது நடந்தது. அந்த இடம் தேசியப் பூங்கா நிர்வாகத்தின் கைக்கு முறையாக வந்தது 2021இல்தான்.

இதை முதலில் பார்த்துவிட்டு மெல்ரோஸுக்குப் போங்கள். பென்சில்வேனியாவிலிருந்து வந்த மக்மர்ரன் என்ற வழக்கறிஞர் 1840களில் கட்டிய வீடு. இப்போது அதுவும் தேசியப் பூங்காதான். வீட்டின் பின்தாழ்வாரத்தில் வரிசையாக மணிகள் தொங்கும். ஒவ்வொரு மணிக்கும் ஒரு சத்தம். எந்த அறையில் கூப்பிடுகிறார்கள் என்று சத்தத்தை வைத்தே அடிமைகள் தெரிந்துகொள்ள வேண்டும். சாப்பாட்டு அறையில் மேசைக்கு மேலே மஹாகனி மரத்தில் செதுக்கிய ஒரு பெரிய பங்கா. விருந்தாளி சாப்பிடும்போது ஈ அண்டாமல், காற்று வரும்படி ஓர் அடிமைச் சிறுவன் மூலையில் நின்று கயிற்றை இழுத்துக்கொண்டே இருப்பான்.

ஒருமுறை காரைக்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மகன் குடும்பத்தோடு வந்திருந்தார். முதல் இரண்டு வீட்டிலும் "நம்ம செட்டிநாட்டு வீட்டுக்கு முன்னாடி இது நிக்குமா?" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், மெல்ரோஸில் அந்தப் பங்காவைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "எங்க தாத்தா காலத்துல கலெக்டர் ஆபீஸ்ல பங்கா இழுக்கறவன் இருந்தான் தம்பி. அவனுக்கு மாசச் சம்பளம் உண்டு. இவனுக்கு?" என்றார். வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்டு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அப்புறம் கேள்விமேல் கேள்வி. இவங்களை எங்கே வாங்கினார்கள், என்ன விலை, குடும்பத்தோடு விற்றார்களா, பிரித்து விற்றார்களா? "ஐயா, அந்த இடம் இங்கேருந்து அஞ்சு நிமிஷம்தான்" என்றேன். மகனோ சூரியன் மறைவதற்குள் ஆற்றங்கரைக்குப் போய்ப் படம் எடுத்தாக வேண்டும் என்றார். மூன்று மாளிகை என்று பிடிவாதமாக அட்டவணை போட்டவர் அவர்தான். "அடுத்த தடவை பாத்துக்கலாம்ப்பா." பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் ஊருக்குத் திரும்பிவிட்டார். எழுபது தாண்டியவருக்கு அந்தப் பயணம் இன்னொரு முறை வாய்க்குமா என்ன?

ஆகவே, ஒரு நாள்தான் என்றால் வரிசை இதுதான்: காலையில் வெயில் ஏறுவதற்கு முன் ஃபோர்க்ஸ் ஆஃப் த ரோட், அடுத்து மெல்ரோஸும் அதன் பின்கட்டிலுள்ள அடிமைக் குடியிருப்பும். மதியத்துக்கு மேல் வேறு ஒரே ஒரு மாளிகை. அது எது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு லாங்வுட் என்பேன். ஹாலர் நட் என்ற பருத்திப் பண்ணைக்காரர் 1860இல் தொடங்கிய எண்கோண வீடு. அடுத்த வருடம் உள்நாட்டுப் போர் மூண்டதும் வடக்கிலிருந்து வந்த கைவினைஞர்கள் போட்டது போட்டபடி கிளம்பிவிட்டார்கள். 32 அறையில் கீழ்த்தளத்து 9 அறை மட்டும் முடிந்தது. 1864இல் அவரும் போய்ச் சேர்ந்தார், குடும்பம் அந்தக் கீழ்த்தளத்திலேயே வாழ்ந்தது. மேலே ஏறினால் பூசாத செங்கல், திறந்த உத்திரம், விட்டுப்போன பெட்டிகள். சரவிளக்கு வீடு நாலு பார்ப்பதைவிட, ஒரு மாளிகை எப்படி எழும்புகிறது என்பது இந்த ஒன்றில் விளங்கும். அந்தச் செங்கல்லைச் சுட்டவர்கள் யார் என்பதையும் கேளுங்கள். நல்ல வழிகாட்டி என்றால் சொல்வார்.

வில்லியம் ஜான்சன் வீட்டைத் தாண்டிப் போய்விடுவது

ஸ்டேட் தெருவில் சின்ன செங்கல் வீடு. தூண் இல்லை, அதனால் யாரும் நிற்பதில்லை. அடிமையாகப் பிறந்து, சிறுவயதில் விடுதலை பெற்று, வெள்ளைக்காரர்களுக்கு முடிவெட்டியே சொத்துச் சேர்த்த கறுப்பினத்தவர் ஜான்சன். பதினாறு வருடம் நாட்குறிப்பு எழுதினார். யார் கடன் பாக்கி, எந்தக் குதிரை ஜெயித்தது, யாருக்கும் யாருக்கும் தெருச்சண்டை என எல்லாம் அதில் உண்டு. அவரே அடிமைகளையும் வைத்திருந்தார். அது நெருடும், நெருடட்டும். 1851இல் நில எல்லைத் தகராறில் சுட்டுக் கொல்லப்பட்டார். பார்த்த சாட்சிகள் கறுப்பினத்தவர்கள். வெள்ளையருக்கு எதிராக அவர்கள் சாட்சி சொல்லச் சட்டம் இடம் தரவில்லை. கொன்றவரோ தனக்குக் கறுப்பு இரத்தமே இல்லை என்று வாதாடித் தப்பினார். பிள்ளைகளோடு போகிறவர்கள் மூன்றாவது மாளிகைக்குப் பதில் இங்கே அரை மணி நேரம் உட்காரலாம்.

ஊரின் கதை பிரெஞ்சுக்காரரோடு தொடங்கியது என நினைப்பது

1716இல் பிரெஞ்சுக்காரர்கள் ரோசலிக் கோட்டை கட்டினார்கள் என்றே பலகைகள் பேசும். ஊருக்குப் பெயர் கொடுத்த நாச்சஸ் என்ற அமெரிக்கப் பழங்குடி மக்கள் அதற்கும் பல நூற்றாண்டு முன்பே இங்கே மண்மேடுகள் எழுப்பி வாழ்ந்தவர்கள். 1729இல் கோட்டையைத் தாக்கினார்கள். பிரெஞ்சுக்காரர் திருப்பி அடித்து, பிடிபட்டவர்களைக் கரீபியத் தீவுக்கு அடிமைகளாக விற்றார்கள். நகருக்குள்ளேயே இருக்கும் அவர்களுடைய பெருங்கிராமத்தைப் பார்க்கக் கட்டணம் இல்லை. கொஞ்சம் தள்ளி எமரால்டு மேடு, சுமார் 8 ஏக்கர் பரப்பு. மேலே ஏறி நின்றால் மனிதர் கூடையில் மண் சுமந்து கட்டியது என்று நம்பவே தோன்றாது.

கீரைதானே என்று ஆர்டர் செய்வது

காலர்ட் கீரை, சிவப்பு பீன்ஸ், பச்சை பீன்ஸ் எல்லாம் பட்டியலில் சைவம் மாதிரிதான் தெரியும். தெற்கத்திச் சமையலில் பன்றிக்கால் துண்டு போடாமல் அவை வேகாது. "இறைச்சி இல்லையே?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள், தட்டில் துண்டு இல்லை என்ற அர்த்தத்தில். "எதில் வேகவைத்தீர்கள்?" என்று கேளுங்கள். ஞாயிறு இரவு, திங்கட்கிழமை இரண்டும் சாப்பாட்டுக்குச் சங்கடம். மாமா மாமியோடு போகிறவர்கள் புளியோதரை கட்டிக்கொண்டு போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆற்றைப் பார்த்த மேட்டுப் பூங்காவில் பெஞ்சுகள் உண்டு. எதிர்க்கரை லூசியானா மேற்கே இருப்பதால் சூரியன் ஆற்றுக்கு அப்பால்தான் இறங்கும்.

ஆற்றில் கால் நனைப்பது

வேண்டாம். இது காவிரிப் படித்துறை இல்லை.

ரயிலில் போவது

பயணிகள் ரயில் கிடையாது. கார்தான்.

நாச்சஸ் ட்ரேஸ் சாலையை வேகச் சாலை என நினைப்பது

ஊரிலிருந்து நாஷ்வில் வரை 444 மைல் போகும் அழகான சாலை. லாரி இல்லை, விளம்பரப் பலகை இல்லை. அதனாலேயே காலை அழுத்தத் தோன்றும். வேக வரம்பு மணிக்கு 50 மைல்தான், சில இடங்களில் அதற்கும் கீழே. பிடிப்பவர் பூங்கா ரேஞ்சர், அபராதம் மத்திய அரசுக்கு. இருட்டினால் மான் குறுக்கே பாயும். சாலை நெடுகப் பெட்ரோல் பங்க் கிடையாது, நாச்சஸிலேயே டேங்கை நிரப்பிக்கொண்டு ஏறுங்கள்.