ஐரிஷ் மூதாதையரைத் தேடும் முறை: படைவிலகல் ஆவணத்திலிருந்து தேவாலயப் பங்குப் பதிவேடு வரை

பெரம்பூரில் வசிக்கும் ஆங்கிலோ-இந்தியத் தோழி ஒருவருக்காக, அவருடைய தாத்தாவின் தாத்தாவான ஐரிஷ் சிப்பாயின் பிறப்பிடத்தைத் தேடிக் கண்டுபிடித்த வழி இது. பல மாதங்கள் நான் பெயரைக்கொண்டே தேடியதுதான் தவறு. அயர்லாந்தில் ஒரே பெயரில் நூற்றுக்கணக்கானோர் கிடைப்பார்கள். ஊர் தெரிந்தால்தான் ஆள் பிடிபடுவார்.

முதல் படி: படை ஆவணம். பிரிட்டிஷ் படையிலிருந்து ஓய்வூதியத்துடன் விலகியவரின் ஆவணம், லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூ.ஓ. (வார் ஆபீஸ், அதாவது போர் அலுவலகம்) 97 தொகுப்பில் கிடைக்க வாய்ப்புண்டு. பிறந்த பாரிஷ் (ஊர்ப்பகுதி), அருகிலுள்ள ஊர், கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) ஆகிய மூன்றும் அதில் இருக்கும். ஆனால் எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார் என்பதால், பெயரை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது நல்லது. இந்த ஆவணங்களின் படிமங்கள் ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற கட்டண வம்சாவளித் தளத்தில் உள்ளன. ஒரு மாதச் சந்தா போதும். ஆண்டுச் சந்தா வீண்.

இரண்டாம் படி: பாரிஷ் எது என்று உறுதிசெய்தல். நான் இடறி விழுந்தது இங்கேதான். படை ஆவணம் பெரும்பாலும் கூறுவது நிர்வாகப் பிரிவான சிவில் பாரிஷை. திருமுழுக்குப் பதிவேடுகளோ கத்தோலிக்கத் திருச்சபையின் பங்குவாரியாக (ஒரு தேவாலயத்துக்குரிய பகுதிவாரியாக) இருக்கின்றன. இரண்டின் எல்லையும் வேறு, பல இடங்களில் பெயரும் வேறு. நம் ஊரில் வருவாய்க் கிராமத்தின் பெயரும் பங்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அயர்லாந்து என்றதும் நான் அதை மறந்துவிட்டேன். கிளேர் கவுண்டியின் 'கில்ஃபார்பாய்' என்ற பெயரைப் பங்குப் பட்டியலில் வாரக்கணக்கில் தேடினேன். அந்தச் சிவில் பாரிஷுக்குரிய பங்கு மில்டவுன் மால்பே என்ற பெயரில் இருந்தது. லோகனிம் என்னும் இடப்பெயர்த் தரவுத்தளத்தில் சிவில் பாரிஷையும், அதற்குள் அடங்கும் டவுன்லேண்ட் என்ற சிறு நிலப்பிரிவுகளையும் முதலில் குறித்துக்கொண்டு, பிறகு அயர்லாந்து தேசிய நூலகத்தின் பங்கு வரைபடத்துடன் ஒப்பிடுங்கள்.

மூன்றாம் படி: பதிவேடு. ஏறத்தாழ 1880 வரையிலான கத்தோலிக்கப் பதிவேடுகளை அந்நூலகம் 2015 முதல் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. வணிகத் தளங்களின் பெயர்ச்சுட்டிகளைவிடப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதையே நான் விரும்புகிறேன், ஏனெனில் மங்கிய கையெழுத்தைச் சுட்டி தயாரித்தவர்களும் தவறாகப் படித்திருக்கிறார்கள். பல பதிவேடுகள் லத்தீனில் உள்ளன: ஜேம்ஸ் 'யாக்கோபுஸ்' ஆவார், வில்லியம் 'குலியெல்முஸ்' ஆவார். குடும்பப் பெயரின் முன்னுள்ள 'ஓ' பெரும்பாலும் விடுபட்டிருக்கும். தாயின் பிறந்த வீட்டுப் பெயரையும் ஞானப்பெற்றோரின் பெயர்களையும் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். உடன்பிறந்தோரை அடையாளம் காண அவையே துணை.

நான்காம் படி: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி 1922-இல் டப்ளின் ஆவணக் காப்பகத் தீயில் அழிந்தது. 1861 முதல் 1891 வரையிலானவற்றை அரசே அழித்துவிட்டது. ஆகவே முழுமையாக எஞ்சிய 1901, 1911 கணக்கெடுப்புகளையே பார்க்க வேண்டும், இரண்டும் இலவசம். நம் சிப்பாய் அவற்றில் இல்லை, ஆனால் அவருடைய தம்பி அதே டவுன்லேண்டில் இருந்தார். அவருக்கு 1901-இல் வயது 55, 1911-இல் 71! 1909 முதல் எழுபது வயதானோருக்கு ஓய்வூதியம் வழங்கப்பட்டதால் பலருக்கும் இப்படி வயது ஏறியிருக்கிறது. திருமுழுக்குப் பதிவின்படி அவர் எழுபதைத் தொட்டிருக்கவில்லை.

பின்சேர்க்கை: டபிள்யூ.ஓ. 97-இல் தம்முடையவர் இல்லை என்று வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். 1883-க்கு முன் பணியிலேயே இறந்தவர்கள் அதில் இருக்க மாட்டார்கள், டபிள்யூ.ஓ. 12 வருகைப் பட்டியல்களைப் பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தவருக்கு வழியே வேறு: பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்களில் எல்/மில்/11 வரிசை சென்னைப் படைப் பட்டியல்களையும், என்/2 வரிசை சென்னை மாகாணத் திருமுழுக்கு, திருமணம், அடக்கப் பதிவுகளையும் கொண்டுள்ளது.