எம்பிஏ விண்ணப்பம்: ஸ்கோருக்கு அப்புறம்தான் வேலையே இருக்கிறது

எம்பிஏ படிக்கக் கிளம்புகிறவர்களில் பலர் நேரத்தையெல்லாம் ஜிமேட் நுழைவுத் தேர்விலேயே கரைத்துவிட்டு, கட்டுரைகளைக் கடைசி வாரத்தில் அரக்கப்பரக்க எழுதுகிறார்கள். ஸ்கோர் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் நல்ல ஸ்கோரோடு வரிசையில் நிற்பவர்கள் ஏராளம். அந்தக் கூட்டத்தில் உங்களை ஏன் எடுக்க வேண்டும் என்பதை விண்ணப்பத்தின் மற்ற பகுதிகள்தான் சொல்லியாக வேண்டும்.

அதனால் தேர்வை முன்கூட்டியே முடித்து ஓரமாக வைத்துவிடுங்கள். இப்போதைய ஜிமேட்டில் மூன்று பகுதிகள், ஒவ்வொன்றும் 45 நிமிடம், மதிப்பெண் 205 முதல் 805 வரை. பழைய அளவுகோலை மனதில் வைத்துக்கொண்டு 700 வரவில்லையே என்று புலம்பாதீர்கள், இப்போதைய 645 கிட்டத்தட்ட அன்றைய 700தான். பெரும்பாலான கல்லூரிகள் ஜிஆர்இ என்ற இன்னொரு தேர்வையும் ஏற்கின்றன, இரண்டின் மதிப்பெண்ணும் 5 ஆண்டு செல்லும். அமெரிக்கக் கல்லூரிகளில் விண்ணப்பிக்கும் முதல் சுற்று பெரும்பாலும் செப்டம்பரில், இரண்டாவது ஜனவரி தொடக்கத்தில் முடிந்துவிடும். மூன்றாவது சுற்றுக்கு மிஞ்சுவது கொஞ்சம் இடங்களே.

சரி, ரெஸ்யூமே. 'குழுவை வழிநடத்தினேன், செயல்திறனை மேம்படுத்தினேன்' என்று ஒரு வரி இருக்கிறதா? அடித்துவிடுங்கள். 'மாதக் கணக்கை முடிக்க ஒன்பது நாள் ஆகிக்கொண்டிருந்தது, கிளைகள் ஆளுக்கொரு விதமாக அனுப்பிய படிவத்தை ஒரே மாதிரி ஆக்கி நான்கு நாளாகக் குறைத்தேன்' என்று எழுதினால் படிப்பவருக்கு ஒரு ஆள் கண்ணுக்குத் தெரிகிறார். அந்த மாற்றத்தை எதிர்த்த கிளை மேலாளரை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்பது ரெஸ்யூமேயில் அடங்காது, அதைக் கட்டுரைக்கு எடுத்து வையுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள், பெரிய பதவியில் இருப்பவர் கையெழுத்துப் போட்டால் எடை கூடும் என்ற நினைப்பில் தங்களை வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கிற இயக்குநரிடம் போய் நிற்கிறார்கள். பல கல்லூரிகள் பொதுவாகப் பயன்படுத்தும் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: இவருக்கு நீங்கள் சொன்ன மிக முக்கியமான திருத்தம் என்ன, அதை இவர் எப்படி எடுத்துக்கொண்டார்? தினமும் உங்களோடு மல்லுக்கட்டுகிற நேரடி மேலாளரால்தான் இதற்கு உருப்படியாகப் பதில் சொல்ல முடியும். அவரிடம் கெடு தேதிக்கு இரண்டு மாதம் முன்பே கேளுங்கள், சேர்ந்து செய்த வேலைகளை ஒரு பக்கத்தில் நினைவூட்டிக் கொடுங்கள். எழுதுவது அவராகவே இருக்கட்டும். 'நீயே எழுதிக் கொண்டு வா' என்றால் நாசூக்காக மறுத்துவிடுங்கள், கடிதமும் உங்கள் கட்டுரையும் ஒரே நடையில் இருந்தால் படிக்கிறவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

கட்டுரையில், உங்களுக்கு எதிர்காலத்தில் என்ன வேலை வேண்டும் என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். 'தலைவராக வேண்டும்' என்பது வேலை இல்லை. எந்தத் துறை, எந்தப் பொறுப்பு, இன்று உங்களிடம் இல்லாத எந்தத் திறமை அதற்குத் தேவை, அந்தக் கல்லூரியில் அது எங்கே கிடைக்கும்? அங்கே படித்த இரண்டு பேரிடம் பேசாமல் இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதாதீர்கள், இணையதளத்தைப் பார்த்து ஒப்பித்த பாடப் பெயர்கள் அப்படியே பல்லிளிக்கும். ஸ்டான்ஃபோர்டு பல ஆண்டுகளாக 'உங்களுக்கு எது மிக முக்கியம், ஏன்?' என்று கேட்கிறது. இதில் 'ஏன்' என்பதற்குத்தான் அதிக இடம் ஒதுக்க வேண்டும்.

நேர்முகத்துக்கு அழைப்பு வந்தால், நீங்கள் அனுப்பியதையே மறுபடி படியுங்கள். ஹார்வர்டில் பேட்டி எடுப்பவர் உங்கள் விண்ணப்பம் முழுவதையும் படித்துவிட்டுத்தான் அந்த 30 நிமிடத்துக்கு உட்காருவார். வார்ட்டன் வணிகப் பள்ளியில் குழு விவாதம், அங்கே அதிகம் பேசுவதைவிட அடுத்தவர் சொன்னதைப் பிடித்து மேலே கொண்டுபோவதுதான் எடுபடும்.

அப்புறம், கல்லூரி மதிப்பெண் குறைவு, நடுவில் வேலை இல்லாத காலம் எதுவாக இருந்தாலும் கூடுதல் விளக்கத்துக்கான இடத்தில் நான்கே வரியில் சொல்லிவிடுங்கள்: என்ன நடந்தது, பிறகு என்ன செய்தீர்கள். அழுகையும் வேண்டாம், பேராசிரியர் மேல் பழியும் வேண்டாம். சொல்ல ஒன்றும் இல்லையென்றால் அந்தப் பெட்டியைக் காலியாகவே விடலாம்.