குச்சியில் நிற்காத கோழி

ஹவாய்த் தீவின் ஹொனலுலுவில் நண்பர்கள் கூடினால் ஆளுக்கொரு பூபூ கொண்டுபோவோம். கொறிக்கும் தீனிக்கு இங்கே அதுதான் பெயர். என் பங்கு ஹுலி ஹுலி கோழி. ஷோயு என்ற சோயா சாஸ், பழுப்புச் சர்க்கரை, இஞ்சி, அன்னாசிச் சாறு கலந்து ஊறவைத்து, குச்சியில் கோத்துத் திருப்பித் திருப்பிச் சுடுவது. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் துண்டுகள் பிய்ந்து தணலில் விழுந்தன.

கடையை மாற்றினேன். நெஞ்சுக்கறிக்குப் பதில் தொடைக்கறி வாங்கினேன். தணலையும் குறைத்துப் பார்த்தேன். அப்புறம் ஒரு துண்டை வெட்டினால், வெளிப்புறம் மட்டும் களி மாதிரி. நடுவே நல்ல நார். அப்படியென்றால் குற்றம் கறியில் இல்லை, ஊறலில். டப்பா அன்னாசியில் செய்த நண்பருக்கு இந்தத் தொல்லையே வரவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. புதிதாக அரிந்த அன்னாசியில் உள்ள புரோமலைன் என்ற நொதி புரதத்தை அறுத்துவிடும்; டப்பாவில் அடைக்கும்போது சூட்டில் அது செத்துவிடுகிறது. பச்சை இஞ்சியிலும் இதேபோல் ஒரு நொதி உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை.

சாற்றையும் இஞ்சியையும் 5 நிமிடம் கொதிக்கவிட்டு, நன்றாக ஆறிய பிறகு கறியைப் போட்டு இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் வைத்தேன். துண்டுகள் முழுசாக நின்றன, ஓரம் கருகி மினுங்கியது. அப்பாடா! கொதித்ததில் பழத்தின் மணம் கொஞ்சம் குறையும். சுட்டு இறக்கியதும் மேலே புதுச் சாறு சில சொட்டு விட்டால் சரியாகிவிடும்.