ஹூஸ்டன் க்வில்ட் ஃபெஸ்டிவலுக்கு முதல் தடவை போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

வருஷா வருஷம் அக்டோபர், இல்லன்னா நவம்பர் ஆரம்பம் வந்தா ஹூஸ்டன் டவுன்டவுன்ல ஜார்ஜ் ஆர். பிரவுன் கன்வென்ஷன் சென்டர்ல இன்டர்நேஷனல் க்வில்ட் ஃபெஸ்டிவல் நடக்கும். க்வில்ட்னா மூணு அடுக்கா வெச்சுத் தெச்ச போர்வை, அத மாட்டி வெச்சுக் காட்டற திருவிழா இது. 1974-ல கேரி ப்ரெசன்ஹான்னு ஒரு க்வில்ட் கடைக்காரம்மா தன்னோட கஸ்டமர்களுக்காக சின்னதா ஆரம்பிச்சது, கொரோனாவுக்கு முன்னாடியே 50,000 பேருக்கு மேல வந்துட்டு போற அளவுக்கு வளந்துடுச்சு. நம்ம பொண்ணுங்க நிறைய பேரு இப்ப க்வில்டிங் கத்துக்கிட்டு இருக்காங்க, முதல் தடவை போறவங்க எல்லாரும் கேக்கற கேள்வி ஒண்ணுதான், எத்தனை மணிக்குப் போனா கூட்டம் இருக்காது? கூட்டம் இல்லாத நேரம்னு அங்க எதுவும் கிடையாதுங்க, ஆனா கூட்டம் எந்தப் பக்கம் இருக்கும்னு ஒரு கணக்கு இருக்கு, அது தெரிஞ்சா போதும்.

கதவு திறந்த உடனே பாதிக்கு மேல ஜனம் கடைங்க பக்கம்தான் ஓடும். புதுசா வந்த துணி, கிட், நூல், ரூலர், எல்லாமே தீந்துடுமோங்கற பயம். அவங்க பின்னாடியே நாமளும் ஓடறதுதான் நான் பாத்ததுலயே பெரிய தப்பு. ஏன்னா மூணு மணி நேரம் கடை கடையா சுத்திட்டு, ரெண்டு கையிலயும் பை, கால் வலி, பசி, அப்புறமா மத்தியானம் க்வில்ட் மாட்டி வெச்சிருக்கற பக்கம் வந்தா கண்ணு எதையும் வாங்காது, ஒவ்வொரு க்வில்ட் முன்னாடியும் ரெண்டு செகண்டு நின்னு ஒரு போட்டோ எடுத்துட்டு அடுத்ததுக்குப் போயிடுவோம், அந்த ஒரு க்வில்ட்ட தைக்க அந்தம்மாவுக்கு ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ ஆயிருக்கும். துணி ஆன்லைன்லயும் கிடைக்கும். அந்த க்வில்ட்ட நேர்ல பாக்கறது திரும்பக் கிடைக்காது, அது வீட்டுக்குப் போயிடும், இல்ல யாராவது வாங்கிட்டுப் போயிடுவாங்க. அதனால காலையில தெம்பு இருக்கறப்பவே க்வில்ட் பக்கம் போங்க, முக்கியமா பரிசு வாங்கின க்வில்டுங்க இருக்கற வரிசைக்கு, அங்கதான் மத்தியானத்துக்கு மேல ஆளு நெருக்கி நிக்கும்.

அடுத்த தப்பு, எல்லா க்வில்ட்டயும் ஒரே தூரத்துல நின்னு பாக்கறது. முதல்ல பத்தடி தள்ளி நில்லுங்க, கூட்டத்துல இடம் கிடைக்கலன்னா எதிர் வரிசை ஓரமா போய் நில்லுங்க, அப்பதான் கலர் எப்படி ஓடுது, எது முன்னாடி வருது எது பின்னாடி போகுதுன்னு தெரியும். அப்புறம் கிட்ட வந்து தையலப் பாருங்க. மேல் துணி, நடுவுல பேட்டிங்னு ஒரு பஞ்சு அடுக்கு, கீழ் துணி மூணையும் சேத்துப் பிடிக்கற தையல்தானே க்வில்டிங், அது எந்த இடத்துல நெருக்கமா இருக்கு, எந்த இடத்துல விட்டுவிட்டு இருக்குங்கறத வெச்சுதான் துணி மேடும் பள்ளமுமா எழும்பி நிக்கும். நேரா நின்னா அது சரியாத் தெரியாது, பக்கவாட்டுல நின்னு வெளிச்சம் குறுக்க விழற மாதிரி பாருங்க, ப்ளெயின் வெள்ளைத் துணியில கூட இறகு, கொடி எல்லாம் தெரியும். மூலையில பைண்டிங், அதாவது ஓரத்தச் சுத்தித் தெச்ச பட்டை, எவ்வளவு நேரா மடங்கியிருக்குன்னும் பாருங்க, ஜட்ஜுங்க அதையெல்லாம்தான் பாப்பாங்க.

மெஷின்ல க்வில்ட் பண்ணதுன்னு தெரிஞ்சா சில பேரு முகத்த சுளிச்சுக்கிட்டு நகந்துடறாங்க, கையில தெச்சாதான் நிஜமான க்வில்ட்டாம். இந்தச் சண்டை முடிஞ்சு ரொம்ப வருஷம் ஆச்சு. 1989-ல கென்டக்கி பதூகாவுல அமெரிக்கன் க்வில்டர்ஸ் சொசைட்டி (ஏ.க்யூ.எஸ்.) ஷோவுல கேரில் ப்ரையர் ஃபாலர்ட்டோட கொரோனா 2ங்கற சூரிய கிரகண க்வில்ட் 'பெஸ்ட் ஆஃப் ஷோ' பரிசு வாங்குச்சு, மெஷின்ல க்வில்ட் பண்ணி அங்க அந்தப் பரிசு வாங்கின முதல் க்வில்ட் அது, அப்ப பெரிய பேச்சாச்சு. மெஷினுக்கு அடியில அவ்வளவு பெரிய பாரத்த நகத்தி நகத்தி ஒரே அளவுல தையல் விழ வைக்கறது எவ்வளவு கஷ்டம்னு ஒரு குழந்தை சைஸ் க்வில்ட் பண்ணிப் பாத்தவங்களுக்கே தெரியும். ரெண்டையும் ஆசையா பாருங்க.

தொடறது. இத பத்தி எவ்வளவு சொன்னாலும் தகும். தொடாதீங்கன்னு அங்கங்க போர்டு இருக்கும், இருந்தும் பாசமா ஒரு விரல் வெச்சுப் பாக்காம இருக்க முடியாது நிறைய பேருக்கு, துணின்னாலே தொட்டுப் பாத்து வாங்கித்தானே நமக்குப் பழக்கம். ஆனா நம்ம கையில எண்ணெய், வேர்வை, க்ரீம் இருக்கும், பருத்தி அத்தனையையும் உறிஞ்சிக்கும், ஒருத்தர் தொட்டா ஒண்ணும் தெரியாது, நாலு நாள்ல ஆயிரக்கணக்கான பேரு ஒரே இடத்துல தொட்டா அங்க அழுக்குத் திட்டு விழுந்துடும். பல க்வில்டுல பட்டு, பெயின்ட், மணி வேலை எல்லாம் இருக்கும், துவைக்கவே முடியாது. பின்பக்கம் பாக்கணும்னா வெள்ளை கையுறை போட்ட வாலண்டியருங்க சுத்திக்கிட்டு இருப்பாங்க, அவங்ககிட்ட கேளுங்க, அவங்க தூக்கிக் காட்டுவாங்க, அதுக்காகத்தான் நிக்கறாங்க. கூச்சப்பட்டுக்கிட்டு கேக்காமயே போறவங்கதான் அதிகம், பின்பக்கத்துலதான் நூல் டென்ஷன் (இறுக்கம்) எப்படின்னு தெரியும், சில பேரு பின்னாடி இன்னொரு முழு க்வில்ட்டே வெச்சிருப்பாங்க.

கை மட்டும் இல்ல, முதுகுல மாட்டின பேக்பேக்கும் தொடும். திரும்பறப்ப அது எங்க உரசுதுன்னு நமக்குத் தெரியாது. சின்ன தோள்பையா முன்பக்கம் தொங்கற மாதிரி போட்டுக்கோங்க. கையில காபி கப்போட க்வில்ட் வரிசைக்குள்ள போகவே போகாதீங்க. சக்கரம் வெச்ச ட்ராலி பை, குழந்தை ஸ்ட்ரோலர் இதெல்லாம் நிறைய க்வில்ட் ஷோவுல விடமாட்டாங்க, அந்த வருஷத்து ரூல் என்னன்னு கிளம்பறதுக்கு முன்னாடி பாத்துடுங்க, வாசல்ல போய் நின்னு மாட்டிக்காதீங்க.

இன்னொண்ணு பேச்சு. ஒரு க்வில்ட் முன்னாடி நின்னுக்கிட்டு "இதுக்கெல்லாம் யாருப்பா பரிசு குடுத்தா, கலரே சேரல"ன்னு சத்தமா சொல்றது. தமிழ்ல பேசினா யாருக்கும் புரியாதுன்னு தைரியம் வேற, நம்ம ஜனம் அங்க நிறைய பேரு வராங்க, அதோட கை நீட்டி உதட்டப் பிதுக்கினா எந்த பாஷையிலயும் புரியும். அத தெச்சவங்க உங்களுக்குப் பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருக்கலாம், நிறைய பேரு தன்னோட க்வில்ட் பக்கத்துல சும்மா கூட்டத்தோட கூட்டமா நிப்பாங்க ஜனங்க என்ன சொல்றாங்கன்னு கேக்க. பிடிக்கலன்னா நகந்து போங்க. பிடிச்சிருந்தா வாய் விட்டு சொல்லுங்க, அவங்க காதுல விழட்டும்.

போட்டோ எடுக்கறவங்க பண்ற தப்பு, க்வில்ட்ட மட்டும் எடுத்துட்டு பக்கத்துல இருக்கற அட்டைய விட்டுடறது. முதல்ல அட்டை, அடுத்தது முழு க்வில்ட், அதுக்கப்புறம் கிட்டப் போய் ஒரு மூலை, இந்த வரிசையில எடுத்தா வீட்டுக்கு வந்து குழம்ப மாட்டீங்க. அட்டையிலதான் தெச்சவங்க பேரு, ஊரு, யாரோட டிசைனுங்கறது எல்லாம் இருக்கும், போட்டோவ ஃபேஸ்புக்லயோ வாட்ஸப் குரூப்லயோ போட்டா அந்தப் பேர சேத்துப் போடுங்க. பேரு இல்லாம போட்டு அது ஊரெல்லாம் சுத்தினா தெச்சவங்களுக்கு எவ்வளவு வலிக்கும்னு யோசிச்சுப் பாருங்க. போட்டோ எடுக்கக் கூடாதுன்னு போர்டு இருக்கற பகுதியில எடுக்காதீங்க. ஃப்ளாஷ் எங்கயும் வேண்டாம், அது தையலோட மேடு பள்ளத்தயே தட்டையாக்கிடும்.

சரி, இப்ப கடைக்கு வருவோம். வாங்கறதுல தப்பே இல்ல, லிஸ்ட் இல்லாம போறதுதான் தப்பு. கையில பாதி தெச்ச க்வில்ட் இருக்குன்னா அதோட துணித் துண்ட ஒரு சின்ன அட்டையில பின் பண்ணி எடுத்துட்டுப் போங்க, ஹால்ல இருக்கற லைட்டுல கலர் வேற மாதிரி தெரியும், மொபைல் போட்டோவ வெச்சு கலர் சேத்தா வீட்டுக்கு வந்து பாத்தா நீலம் பச்சையா நிக்கும். க்வில்டோட பின்பக்கத்துக்குப் போடற பேக்கிங் துணிக்கு கணக்க வீட்டுலயே போட்டுடுங்க. உதாரணத்துக்கு 90க்கு 95 இன்ச் க்வில்ட்னா சுத்தி நாலு நாலு இன்ச் விட்டு 98க்கு 103 வேணும், சாதாரண க்வில்டிங் காட்டன் அகலம் 42 இன்ச்தான் நமக்கு உதவும், அப்ப மூணு பட்டை சேத்துத் தைக்கணும், எட்டே கால் யார்டு ஆகும். அதே 108 இன்ச் அகலத் துணி எடுத்தா மூணு யார்டு போதும், நடுவுல ஜாயின்டும் வராது. இந்தக் கணக்கு தெரியாம நின்னு யார்டு பன்னண்டு, பதினஞ்சு டாலர்னு வெட்டிட்டு வர்றவங்களப் பாத்தா பாவமா இருக்கும். அதே மாதிரி ஃபேட் குவாட்டர்னா 18க்கு 22 இன்ச், கால் யார்டு வெட்டினா 9 இன்ச்சுக்கு முழு அகலம், துணி ஒரே அளவுதான், ஆனா பெரிய பூ டிசைன் வெட்டணும்னா கால் யார்டு உதவாது. விலையோட 8.25 சதவீதம் டாக்ஸ் தனியா சேரும், அதையும் பட்ஜெட்ல வெச்சுக்கோங்க.

"சுத்திட்டு வந்து வாங்கிக்கறேன்"னு ஒரு கடைய விட்டுட்டுப் போனா திரும்பக் கண்டுபிடிக்கறது கஷ்டம், நூத்துக்கணக்குல பூத், எல்லா வரிசையும் ஒரே மாதிரி இருக்கும். பூத் நம்பர போட்டோ எடுத்துக்கோங்க. எங்கயும் கிடைக்காத ஒரு பொருள், கையால சாயம் போட்ட துணி மாதிரி, அப்பவே வாங்கிடுங்க. எல்லா ஊர்லயும் கிடைக்கற பிராண்ட் துணிக்கு அவசரமே வேண்டாம். மெஷின் விக்கறவங்ககிட்ட மட்டும் ஜாக்கிரதை, உக்காந்து ஓட்டிப் பாக்க விடுவாங்க, நல்லாப் பாருங்க, ஆசையா இருக்கும், ஷோ ஆஃபர் இன்னைக்கு மட்டும்பாங்க. பெரிய க்வில்ட்ட ஃப்ரேம்ல மாட்டித் தைக்கற லாங் ஆர்ம் மெஷினெல்லாம் ஆயிரக்கணக்கான டாலர், ஃப்ரேமோட உங்க வீட்டுல ஒரு ரூமையே அடைச்சுக்கும், உங்க ஊருக்குப் பக்கத்துல சர்வீஸ் பண்ற டீலர் இருக்காரான்னு கேக்காம கார்ட நீட்டாதீங்க. சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அம்மாவுக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போகலாம்னு நெனச்சா, அமெரிக்க மெஷின் 120 வோல்ட், நம்ம ஊர் கரன்ட் 230, அப்படியே ப்ளக் பண்ணா மோட்டார் போயிடும்.

உடம்பு விஷயம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். புது ஷூ வேண்டாம், தரை கான்க்ரீட். வெளிய ஹூஸ்டன் வேர்த்துக் கொட்டும், உள்ள ஏசி குளிரும், ஒரு சால்வை வேணும். சாப்பாட்டு வரிசை பன்னண்டுலேந்து ஒன்றரை வரைக்கும் நீளமா நிக்கும், பதினொரு மணிக்கே சாப்பிட்டுடுங்க, இல்லன்னா எதிர்ல டிஸ்கவரி கிரீன் பார்க்ல கொஞ்ச நேரம் வெயில்ல உக்காந்துட்டு வாங்க, கண்ணுக்கும் அது நல்லது.

கார்ல போறவங்க அன்னைக்கு ஊர்ல வேற என்ன நடக்குதுன்னு பாக்காம கிளம்பிடறாங்க. ஆஸ்ட்ரோஸ் டீமோட பேஸ்பால் மைதானம் நடக்கற தூரம்தான், அக்டோபர் கடைசியில அவங்க ஃபைனல்ல இருந்தா பார்க்கிங் கிடைக்காது. 2017-ல அவங்க ஜெயிச்சு நவம்பர் 3-ம் தேதி டவுன்டவுன்ல வெற்றி ஊர்வலம் போனப்ப இங்க க்வில்ட் ஃபெஸ்டிவலும் நடந்துக்கிட்டு இருந்துச்சு, லட்சக்கணக்குல ஜனம் ரோட்டுல. மெட்ரோ ரயில் பச்சை லைன், ஊதா லைன் ரெண்டும் கன்வென்ஷன் டிஸ்ட்ரிக்ட்ல நிக்கும், டிக்கெட் ஒண்ணே கால் டாலர், கார எங்கயாவது தள்ளி விட்டுட்டு அதுல வந்துடுங்க. கன்வென்ஷன் சென்டர ஒட்டினாப்ல இருக்கற ஹில்டன், மேரியட் மார்க்கீ ஹோட்டல் ரெண்டுலயும் ரூம் வேணும்னா மாசக்கணக்குக்கு முன்னாடியே போடணும்.

அங்க நடக்கற க்வில்டிங் க்ளாஸ்ல சேர்றவங்களுக்கு ஒரு வார்த்தை. ஆறு மணி நேர க்ளாஸ தினமும் ஒண்ணுன்னு போட்டுடாதீங்க, அப்புறம் ஃபெஸ்டிவல எப்ப பாப்பீங்க? ஏதாவது ஒரே ஒரு நாள் மட்டும், அதுவும் வீட்டுல யூட்யூப் பாத்துக் கத்துக்க முடியாத விஷயமா எடுங்க, டீச்சர் உங்க கையப் பாத்து திருத்தற மாதிரி ஒண்ணு. க்ளாஸ்ல குடுக்கற பொருளுக்கு கிட் பணம் தனியா இருக்கும், சப்ளை லிஸ்ட் முழுசா படிங்க. நல்ல டீச்சருங்க க்ளாஸ் எல்லாம் கோடையிலயே நிரம்பிடும்.

ஒரே நாள்ல எல்லாத்தையும் பாத்துடணும்னு நெனைக்காதீங்க, முடியாது. ரெண்டு மூணு எக்ஸிபிட் தேர்ந்தெடுத்து நிதானமா பாருங்க. கூட்டமே இல்லாம ஒரு க்வில்ட் முன்னாடி பத்து நிமிஷம் நிக்கணும்னு ஆசை இருந்தா, ஹூஸ்டன்லேந்து ஆஸ்டின் போற வழியில லா க்ரேஞ்ச்ங்கற ஊர்ல டெக்சாஸ் க்வில்ட் மியூசியம் இருக்கு, ப்ரெசன்ஹானும் அவங்க கசின் நான்சி ஓ'ப்ரையன்ட் பியூன்டஸும் 2011-ல திறந்தது, ஆஸ்டின் பக்கம் போறவங்களுக்கு பெரிய சுத்து இல்ல.

விமானத்துல திரும்பறவங்க கடைசியா ஒரு தப்பு பண்ணுவாங்க. ஷோவுல வாங்கின ரோட்டரி கட்டர, அதான் துணி வெட்டற வட்ட ப்ளேடு கட்டர, அப்படியே கைப்பையில போட்டுக்கிட்டு ஏர்போர்ட் போயிடுவாங்க. ப்ளேடு இருந்தா செக்யூரிட்டில பிடுங்கிடுவாங்க, செக்-இன் பெட்டியில மூடி போட்டு வைங்க. கத்தரிக்கோல் நடு ஆணியிலேந்து நாலு இன்ச்சுக்குள்ள இருந்தா கையில கொண்டு போகலாம், பெரிய ட்ரெஸ்மேக்கர் கத்தரின்னா அதுவும் பெட்டிக்குள்ளதான். துணி எவ்வளவு வேணும்னாலும் கையில எடுத்துட்டுப் போங்க, ஆனா பத்து யார்டு காட்டன் என்ன கனம் இருக்கும்னு வாங்கறப்ப தெரியாது, பெட்டி எடை போடற சின்ன தராசு ஒண்ணு ஹோட்டலுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க.