யாழ்ப்பாணத்தில் பாவித்த கார் வாங்கும்போது விடப்படும் தவறுகள்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் நாட்டுக்குள் நின்ற கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. கைமாறும் ஒவ்வொரு தடவையும் ஏதோவொரு வேலை செய்யப்படாமல் அடுத்தவர் தலையில் விடப்படுகிறது: கியர் ஒயில் மாற்றவில்லை, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ற் மாற்றவில்லை, சக்கரத் தாங்கிகளில் தேய்ந்த றப்பர் புஷ் அப்படியே கிடக்கிறது. விடுபட்ட அத்தனையும் கடைசியாக வாங்குகிறவரின் முதல் வருடத்தில்தான் செலவாக வந்து விழும். கேட்ட விலையோடு அந்த முதல் வருடத் திருத்தச் செலவையும் கூட்டினால் வருவதே பாவித்த காரின் உண்மை விலை. கீழே உள்ள தவறுகள் பெரும்பாலும் இந்தக் கூட்டலைச் செய்யாததால் வருபவை.

பெற்றோல் கணக்கை மட்டும் போடுவது

"ஹைபிரிட் எடுத்தால் பெற்றோல் காசு மிச்சம்" என்பது எல்லோரும் சொல்லும் சொல். எவ்வளவு மிச்சம் என்று தாளில் எழுதிப் பார்ப்பவர்கள் குறைவு. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றி இறக்கி, சந்தை, கோயில், ஆஸ்பத்திரி என்று ஓடும் குடும்பம் மாதம் 600 கிலோமீற்றர் ஓடுகிறது என்று வையுங்கள். லீற்றருக்கு 15 கிலோமீற்றர் தரும் சாதாரணக் காருக்கு 40 லீற்றர் வேண்டும். 22 கிலோமீற்றர் தரும் ஹைபிரிட்டுக்கு 27 லீற்றர் போதும். மிச்சம் 13 லீற்றர். லீற்றர் 300 ரூபாய் என்று போட்டால் மாதம் 3,900 ரூபாய், வருடத்துக்கு 47,000 ரூபாய்க்குக் கிட்ட. இரண்டு கார்களுக்கும் இடையிலான விலை வித்தியாசத்தை இந்தத் தொகையால் பிரித்துப் பாருங்கள். எத்தனை வருடத்தில் போட்ட காசு திரும்பும் என்பது தெரிந்துவிடும். அதற்குள் ஹைபிரிட் பற்றறி ஒரு தடவை மாற்ற நேர்ந்தால் கணக்கு தலைகீழாகிவிடும்.

முழு ஹைபிரிட் மிச்சம் பிடிப்பது நின்று நின்று போகும் நெரிசலில். பிறேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியை அது பற்றறிக்குள் சேர்க்கிறது. கொழும்பில் அதன் பலன் நன்றாகத் தெரியும். வலிகாமத்து வீதிகளில் அப்படி நெரிசல் இல்லை. ஏ9 வீதியில் ஒரே வேகத்தில் கொழும்புக்குப் போகும்போது சாதாரணக் காருக்கும் ஹைபிரிட்டுக்கும் உள்ள இடைவெளி இன்னும் குறையும். சுசுகி வாகன் ஆர் போன்றவற்றில் எழுதியிருக்கும் ஹைபிரிட் வேறு வகை. முன் சீற்றுக்கடியில் சிறிய லித்தியம் பற்றறி ஒன்று இருக்கும், பெல்ற் மூலம் எஞ்சினுக்குக் கொஞ்சம் உதவி கிடைக்கும், அவ்வளவுதான். முழு ஹைபிரிட்டான ரொயோட்டா அக்குவாவை மனதில் வைத்து அதற்கு விலை கொடுக்கக்கூடாது.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. ஜப்பானின் 660 சிசி கார்கள் அங்கு நாலு பேருக்கென்றே அனுமதிக்கப்பட்டவை. அம்மம்மாவோடு ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு வாகன் ஆர் எடுத்தால், விபத்தொன்று நடந்த பிறகு இன்சூரன்ஸ்காரருக்கு விளக்கம் சொல்ல வேண்டி வரலாம். பதிவுப் புத்தகத்தில் இருக்கை எண்ணிக்கை எழுதப்பட்டிருக்கும், பாருங்கள். யாழ்ப்பாணத்துக்குள் மட்டும் ஓடும் சிறு குடும்பத்துக்கு அல்ரோ கே10 அல்லது பழைய விற்ஸ் போதும் என்பது எங்கள் கருத்து. ஐந்து பேரும் பொதிகளும் கொழும்புப் பயணமும் என்றால் 1500 சிசி அக்சியோ அல்லது அலியன் வகை நின்று உழைக்கும். இவற்றின் எஞ்சின் சுன்னாகம் முதல் சாவகச்சேரி வரை எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். அரிதான மொடல் எடுத்தால் ஒரு சின்ன சென்சருக்கும் கொழும்பில் உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஆள் பிடித்து, பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லிக் காத்திருக்க வேண்டும்.

சூடான எஞ்சினைப் பார்த்துத் திருப்திப்படுவது

பின்னேரம் போய்ப் பார்த்தால் எஞ்சின் ஏற்கெனவே சூடாகத்தான் இருக்கும். சூடான எஞ்சின் தன் குறையைக் காட்டாது. முதல் நாளே போன் எடுத்து, "காலமை நாங்கள் வரும்வரைக்கும் ஸ்ராட் பண்ணாமல் வையுங்கோ அண்ணை" என்று சொல்லிவிடுங்கள். போனவுடன் பொனற்றில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்புவதே நல்லது.

ஸ்ராட் பண்ணும்போது ஒருவர் பின்னால் நின்று புகையைப் பார்க்க வேண்டும். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. காலையில் கொஞ்சம் வெள்ளை ஆவி வருவது இயல்பு. சூடான பிறகும் அது விடாமல் வந்தால் கூலன்ற் எஞ்சினுக்குள் போகிறது. ஒயில் மூடியைத் திறந்து உட்பக்கம் பாருங்கள். பால்தேத்தண்ணி நிறத்தில் குழம்பு ஒட்டியிருந்தால் ஒயிலோடு கூலன்ற் கலக்கிறது, ஹெட் காஸ்கெற் சந்தேகம், அந்தக் காரை விட்டுவிடுங்கள். முதல் சில விநாடிகள் சங்கிலி உரசுவதுபோல் சத்தம் வந்து மறைந்தால் ரைமிங் செயின் தளர்ந்திருக்கலாம், ஒயில் நேரத்துக்கு மாற்றப்படவில்லை என்பதன் அடையாளம் அது. பழைய அல்ரோ 800 இல் இருப்பது செயின் அல்ல, ரைமிங் பெல்ற். எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். விடை தெளிவில்லை என்றால் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள்.

இனி எங்கள் ஊருக்கே உரிய சங்கதி ஒன்று. குடாநாடு முழுவதும் சுண்ணக்கல். கிணற்றுத் தண்ணி கடினமானது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது என்னவோ, அதுவேதான் றேடியேற்றருக்குள்ளும் படிகிறது. கூலன்ற் குறைந்தால் வாளியில் அள்ளி ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. சுண்ணாம்புப் படிவு றேடியேற்றரின் மெல்லிய குழாய்களை அடைக்கும், கூலன்றில் இருக்கும் துருத்தடுப்பு நீர்த்துப்போகும், வோட்டர் பம்பும் கெடும். ஆகவே எஞ்சின் குளிராக இருக்கும்போதே றேடியேற்றர் மூடியைத் திறந்து பாருங்கள். சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். பச்சை, சிவப்பு, நீலம் என்று தெளிந்த நிறம் இருந்தால் நல்லது. வெறும் தண்ணியோ துரு நிறமோ மூடியின் கழுத்தில் வெள்ளைப் படிவோ இருந்தால், அந்தக் கார் பல காலம் கிணற்றுத் தண்ணியில் ஓடியிருக்கிறது.

பிறகு ஏசியைப் போட்டு, மத்தியான வெயிலில் இருபது நிமிடம் நின்றபடி ஓட விடுங்கள். விற்ஸ், அக்குவா, வாகன் ஆர் போன்ற பல கார்களில் வெப்பமானி முள்ளே இல்லை, நீல, சிவப்பு விளக்கு மட்டுந்தான். சிவப்பு எரியும்போது காலம் கடந்துவிட்டிருக்கும். காரின் கணினியை வாசிக்கும் ஸ்கானரைப் பொருத்திக் கூலன்ற் வெப்பநிலையைப் பார்ப்பதே வழி. விசிறி சுழலத் தொடங்கியதும் வெப்பம் இறங்க வேண்டும், 100 பாகையைத் தாண்டி ஏறிக்கொண்டே போகக்கூடாது. மறுபுறம், நீண்ட ஓட்டத்திலும் வெப்பம் ஏறவேயில்லை என்றால் கூலன்ற் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தேமோஸ்ராற்றை யாரோ கழற்றி எறிந்திருக்கலாம். சூட்டுப் பிரச்சினைக்கு அது மருந்தே அல்ல. எஞ்சின் குளிராகவே ஓடி, பெற்றோலை அதிகம் குடிக்கும்.

மேலே மினுக்கத்தைப் பார்த்து அடியைப் பாராதது

பெயின்ற் மினுங்குவதைப் பார்த்துவிட்டு அடியைப் பாராமல் வருபவர்களே அதிகம். பண்ணைப் பாலத்தாலோ பொன்னாலைப் பாலத்தாலோ தினமும் போய்வந்த காரின் அடி உப்புக்காற்றில் ஊறியிருக்கும். சேர்விஸ் ஸ்ரேசனில் உயர்த்திப் பாருங்கள். பிறேக் பைப், முன் கிறொஸ் மெம்பர், கதவுக்குக் கீழுள்ள பெட்டிப்பகுதி, சைலன்சர் கொழுவி ஆகிய நாலும் முக்கியம். ஸ்குறூ றைவரின் பிடியால் தட்டினால் நல்ல தகரம் கணீரென்று கேட்கும், உக்கின தகரம் பொத்தென்று கேட்கும். புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் இரட்டிப்பாகச் சந்தேகியுங்கள்.

வெள்ளம் பார்த்த கார் இன்னும் மோசமானது. 2016 மேயில் களனிப் பக்கமும், 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவிலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு நாட்டின் பல பகுதிகளிலும் வாகனங்கள் தண்ணியில் நின்றன. கழுவிப் பொலிஷ் பண்ணிய பிறகு வெளியில் ஒன்றும் தெரியாது. சீற் பெல்ற்றைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக்கோடு தெரியும். ஸ்பெயார் வீல் கிடக்கும் குழி, சீற் ஓடும் தண்டவாளம், கம்பளத்தின் அடிப் பஞ்சு, டாஷ்போட்டுக்குக் கீழுள்ள வயர் இணைப்புகள் எல்லாவற்றிலும் ஈரமோ துருவோ நுண்மணலோ இருக்கிறதா என்று ரோச் அடித்துப் பாருங்கள். வெள்ளக் காரில் எஞ்சின் திருந்திவிடும். ஆனால் வயர் இணைப்புகள் மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகப் பச்சை பிடித்து அறுக்கும். அதற்கு முடிவே இல்லை.

மீற்றரை நம்புவது

டிஜிற்றல் மீற்றரைக் குறைப்பது ஒரு மணித்தியால வேலை. கட்டுநாயக்காவுக்கு விமான நிலைய ஓட்டம் ஓடிய கார், மாதம் எட்டுத் தடவை போய்வந்தாலே 6,000 கிலோமீற்றரைத் தொடும். மூன்று வருடத்தில் இரண்டு லட்சம் தாண்டும். ஆகவே எண்ணை விட்டுவிட்டுத் தேய்மானத்தைப் பாருங்கள்: பிறேக் மிதியின் றப்பர், ஸ்ரியரிங்கின் மேற்பகுதி, றைவர் சீற்றின் வலது ஓரம். 60,000 காட்டும் காரில் மிதி மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் மாற்றியிருக்கிறார்கள். ரயரின் பக்கத்தில் நாலு இலக்க எண் ஒன்று உண்டு. 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்தது. ஆறு வருடம் தாண்டிய ரயரில் பூ இருந்தாலும் றப்பர் இறுகியிருக்கும், நாலும் மாற்றும் செலவைக் கணக்கில் எடுங்கள். கண்ணாடிகளில் ஒன்று மட்டும் வேறு கம்பனி, வேறு வருடம் என்றால் அந்தப் பக்கம் அடிபட்டதா என்று கேளுங்கள். ஜப்பானில் இருந்து பாவித்த நிலையில் வந்த கார் என்றால், அங்கு ஏலத்தில் விற்றபோது எழுதிய ஏலத் தாளைச் செசி இலக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அங்கு எத்தனை கிலோமீற்றரில் விற்கப்பட்டது என்பது தெரியும். விற்பவர் தரும் போட்டோப் பிரதி மட்டும் போதாது.

கியரையும் பற்றறியையும் ஓடிப் பாராதது

இப்போதுள்ள பெரும்பாலான ஓட்டோ கார்களில் இருப்பது சிவிரி (CVT) கியர், படிகள் இல்லாமல் தொடர்ந்து மாறுவது. R இலிருந்து D க்கு மாற்றும்போது கார் தயங்கிப் பிறகு உதைத்தால், அல்லது 20 முதல் 40 கிலோமீற்றர் வேகத்துக்குள் நடுங்கினால் விலையைப் பேசவே வேண்டாம். ஸ்ரியரிங்கை முழுதாகத் திருப்பி மெதுவாக ஓடுங்கள், டக் டக் என்றால் முன் சக்கர அச்சிலுள்ள சிவி ஜொயின்ற் தேய்ந்திருக்கிறது. மேடுபள்ளமான ஒழுங்கைக்குள் ஒரு தடவையும், நேரான வீதியில் 80 வரையும் ஓடிப் பார்க்க வேண்டும். ஒழுங்கைக்குள் புஷ் சத்தமும், நேர் வீதியில் ஒரு பக்கம் இழுப்பதும் தெரியும்.

ஸ்கான் பண்ணும்போது "பிழை ஒன்றும் இல்லை" என்று திரையில் வந்தால் அதோடு நிற்காதீர்கள். பிழைக் கோட் அழித்த பிறகு எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்பதையும் பல ஸ்கானர்கள் காட்டும். அது 12 என்று காட்டினால், அன்று காலைதான் யாரோ அழித்திருக்கிறார்கள்.

முதல் தலைமுறை அக்குவாவின் பற்றறி 20 மொடியூல் கொண்ட 144 வோல்ற் பற்றறி. ஓடிக்கொண்டிருக்கும்போது மொடியூல்களின் வோல்ற் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். திரையில் பற்றறி அளவு நிறைந்து, சில நிமிடத்தில் சடாரென்று விழுந்தாலும் பலவீனந்தான். பின் சீற்றுப் பக்கம் உள்ள காற்றுத் துவாரத்தில் புழுதி அடைத்திருந்தால் பற்றறி எப்போதும் சூட்டில் வெந்திருக்கிறது. "இரண்டு செல் மாத்தினது, இப்ப புதுசு மாதிரி" என்பதை நம்பி விலை கூட்டாதீர்கள். பழையதோடு புதியதைச் சேர்த்தால் மிச்சம் உள்ள பழைய செல்கள் வரிசையாகப் போகும். ஹொண்டா பிற் ஜிபி5 இன் இரட்டைக் கிளச் கியரை 2013, 2014 இல் நிறுவனமே பல தடவை திருப்பி அழைத்துத் திருத்தியது. அந்தத் திருத்தம் செய்யப்பட்டதா என்று கேளுங்கள். மின்சாரக் காரான நிசான் லீஃப்பின் பழைய மொடல்களின் பற்றறிக்குத் திரவக் குளிரூட்டல் இல்லை, எங்கள் வெயிலில் அது வேகமாகக் கரையும். மீற்றரில் 12 கோட்டில் எத்தனை மிச்சம் என்று எண்ணுங்கள். முதல் கோடு போகும்போதே ஏறத்தாழ 15 வீதக் கொள்ளளவு போயிருக்கும்.

ஓப்பின் பேப்பரில் வாங்குவது

பல கை மாறியும் பதிவு முதல் ஆளின் பெயரிலேயே இருக்கும், கையெழுத்து வைத்த வெற்றுப் படிவம் மட்டும் கைமாறும். அந்த ஆள் வெளிநாடு போயிருந்தாலோ இறந்திருந்தாலோ உங்கள் பெயருக்கு மாற்றுவது பெரும்பாடு. பதிவுப் புத்தகத்தின் மூலப்பிரதியைக் கையில் வாங்கி, செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் காரில் பொறித்திருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். லீசிங் கம்பனியின் பெயர் புத்தகத்தில் இருந்தால், அவர்களின் விடுவிப்புக் கடிதம் வரும்வரை முழுக் காசையும் கொடுக்காதீர்கள். மீதிக் கடனை நீங்களே கம்பனியில் நேரடியாகக் கட்டி, மிச்சத்தை மட்டும் விற்பவருக்குக் கொடுக்கலாம். வருமான அனுமதிப்பத்திரம் நிலுவை இல்லாமல் இருக்கிறதா, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் உண்டா என்றும் பாருங்கள்.

உரிமை மாற்றத்துக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் எம்.ரி.ஏ. 6, எம்.ரி.ஏ. 8 என்று இரண்டு படிவங்கள் உண்டு, ஒன்று வாங்குபவருக்கு, மற்றது விற்பவருக்கு. இரண்டையும் காசு கொடுக்கும் மேசையிலேயே நிரப்பி, விற்பவரின் அடையாள அட்டைப் பிரதியோடு வாங்கிக்கொள்ளுங்கள். விற்ற நாளிலிருந்து 14 நாளுக்குள் மாற்றத்தைப் பதிய வேண்டும். விற்பவரும் தன் படிவத்தைத் திணைக்களத்துக்கு அனுப்பிவிட வேண்டும், அனுப்பாவிட்டால் நாளை அந்தக் கார் யாரையாவது இடித்தால் பொலிஸ் தேடிப் போவது அவரின் வீட்டு வாசலுக்குத்தான்.