தரவு சேகரிக்கும் முன்பே புள்ளியியல் தெரிந்தவரைப் பாருங்கள்

மொரீஷியஸில் மருத்துவம் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. ஆய்வுக்கான படிவங்களை எல்லாம் நிரப்பி முடித்துவிட்டு, அப்புறம் "இதற்கு எந்த டெஸ்ட் போடுவது?" என்று புள்ளியியல் தெரிந்தவரிடம் போய் நிற்காதீர்கள், அதற்குள் பாதி விஷயம் கைமீறிப் போயிருக்கும். கேள்வி என்ன, எத்தனை பேர் வேண்டும், யாரைச் சேர்ப்பது என்பதையெல்லாம் முதலிலேயே அவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். எத்தனை பேர் என்று கணக்குப் போட ஓப்பன்எபி (OpenEpi) என்ற இணையக் கருவி இலவசமாகவே கிடைக்கிறது.

நம் தீவிலேயே நல்ல உதாரணம் உண்டு. 1987இல் ஒரு சுகாதாரக் கணக்கெடுப்பு, 1992இல் மறுபடி ஒன்று. இடையில், பெரும்பாலும் பாமாயிலாக இருந்த ரேஷன் எண்ணெய் சோயா எண்ணெயாக மாறியது, மக்களின் சராசரி கொலஸ்ட்ராலும் லிட்டருக்கு 5.5 மில்லிமோலில் இருந்து 4.7க்கு இறங்கியது. முன்பே ஓர் அளவு எடுத்து வைத்திருந்ததால்தான் இதைச் சொல்ல முடிந்தது. எண்ணெய்தான் காரணமா, கூடவே நடந்த ஆரோக்கியப் பிரசாரமா என்று பிரித்துப் பார்ப்பது, மக்களிடையே நோய் பரவுவதையும் அதன் காரணங்களையும் ஆராயும் எபிடெமியாலஜிக்காரர் வேலை (லேசான வேலை இல்லை).

சரி, இன்னொன்று: வயதை "40-50" என்று குறிக்காமல் நேரடி எண்ணாகவே எழுதுங்கள், பிறகு வேண்டுமானால் பிரித்துக்கொள்ளலாம். பதில் கிடைக்காத கட்டத்தில் பூஜ்ஜியம் மட்டும் போடவே போடாதீர்கள்.