விமானம் தாமதமா? கே.எல்.ஐ.ஏ.வில் மாட்டிக்கொண்டவர்கள் ஊரைப் பார்த்துவிட்டு வருவது எப்படி

மதியம் இரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டிய சென்னை விமானம் இரவு எட்டு மணிக்குத்தான் என்று திரையில் போட்டுவிட்டார்கள். முதல் தடவை மலேசியா வந்தவர் என்றால் இரண்டில் ஒன்றைத்தான் செய்வார். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் ஆறு மணி நேரமும் திரையையே வெறித்துக்கொண்டிருப்பார். இல்லையென்றால் 'ஆறு மணி நேரம் இருக்கே' என்று இரட்டைக் கோபுரம் பார்க்கக் கிளம்பி, திரும்பும்போது நெஞ்சு படபடக்க ஓடி வருவார். இரண்டும் வேண்டாம். ஒரு சின்னக் கணக்குப் போட்டால் நிம்மதியாகச் சாப்பிட்டு, கொஞ்சம் நடந்து, கால்களையும் பிடித்துவிடச் சொல்லிவிட்டு வரலாம்.

முதலில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கே.எல்.ஐ.ஏ. என்கிற கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் கோலாலம்பூரில் இல்லை. அது சிலாங்கூர் மாநிலத்தின் சிப்பாங்கில், நகரத்திலிருந்து ஏறக்குறைய 55 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இனி சொல்லப்போவது எல்லாம் இந்தத் தூரத்தை வைத்துத்தான்.

படி 1: குடிநுழைவுக்கு (இமிகிரேஷனுக்கு) முன்பா, பின்பா?

தாமதச் செய்தி வந்ததும் நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். கடப்பிதழில் (பாஸ்போர்ட்டில்) வெளியேறும் முத்திரை விழுந்துவிட்டால் 'சும்மா ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறேன்' என்று திரும்பி வெளியே வர முடியாது. விமான நிறுவன ஊழியர் உடன் வந்து, குடிநுழைவு அதிகாரியிடம் பேசி, அந்த முத்திரையை ரத்து செய்ய வேண்டும். அந்தத் தொல்லைக்குள் மாட்டிக்கொள்ளாதீர்கள். அதனால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே விமான நிறுவனத்தின் செயலியில் நேரம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. தாமதம் என்று தெரிந்தால் குடிநுழைவுக்கு முன்பக்கமே நின்றுவிடுங்கள். கோத்தா கினாபாலுவுக்கோ பினாங்குக்கோ உள்நாட்டு விமானத்தில் போகிறவர்களுக்கு இவ்வளவு சிக்கல் இல்லை.

வேறு ஊரிலிருந்து வந்து இங்கே மாறிப் போகிற பயணிகள் வெளியே வர வேண்டுமென்றால் மலேசியாவுக்குள் நுழையும் தகுதி இருக்க வேண்டும். இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து 30 நாள்வரை விசா வேண்டாம். 2026 முடிய இந்தச் சலுகை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் மின்னியல் வருகை அட்டையை நிரப்பியாக வேண்டும். குடிநுழைவுத் துறையின் தளத்தில் அது இலவசம். காசு கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிட்டு வெளியே வாருங்கள்.

படி 2: கவுண்டரில் கேட்க வேண்டியவை

கூட்டத்தோடு கூட்டமாகக் கத்துவதால் ஒன்றும் கிடைக்காது. கேட்டால் கிடைக்கும். 2016-இல் வந்த மலேசிய வான் போக்குவரத்துப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிப்படி, இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் சாப்பாடு, தொலைபேசி, இணைய வசதி தர வேண்டும். ஐந்து மணி நேரத்தைத் தாண்டி, இரவு தங்க வேண்டிய நிலை வந்தால் ஹோட்டலும், அங்கே போய்வர வண்டியும் தர வேண்டும். 2024 செப்டம்பர் 2 முதல் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால், பயணமே வேண்டாம் என்று சொல்லி, கட்டிய வழியிலேயே பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

கவுண்டரில் நம் பிள்ளைகளே நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். "தங்கச்சி, சாப்பாட்டுக் கூப்பன் உண்டா? தாமதக் கடிதம் ஒன்று கிடைக்குமா? நேரம் திரும்ப மாறுமா?" இந்த மூன்றையும் தன்மையாகக் கேளுங்கள். தாமதக் கடிதம் பயணக் காப்புறுதி எடுத்தவர்களுக்குப் பின்னால் உதவும். மூன்றாவது கேள்விதான் முக்கியம். எட்டு மணி என்று போட்ட விமானம் ஆறரைக்கே தயாராகிவிடுவதும் உண்டு. பெட்டியை ஒப்படைத்துவிட்டு வெளியே போகிறீர்கள் என்றால், உங்கள் போன் எண் அவர்களிடம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: கழித்தல் கணக்கு

காகிதத்தில் போட்டாலும் சரி, மனசிலேயே போட்டாலும் சரி. மேலே சொன்ன உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். செய்தி தெரிந்தது காலை 11.30. புதிய நேரம் இரவு 8.00. பார்க்கும்போது எட்டரை மணி நேரம்.

பின்னாலிருந்து கழியுங்கள். மாலை 5.30-க்கு முனையத்தில் இருக்க வேண்டும். நேரம் முன்னால் இழுக்கப்பட்டாலும் தப்பிக்க இந்த இரண்டரை மணி நேரம் வேண்டும். அதற்கு 4.30-க்கு, நகரத்தின் மைய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலில் ரயிலுக்கு நிற்க வேண்டும். போகும்போது டிக்கெட், நடை, காத்திருப்பு எல்லாம் சேர்த்து 12.45-க்குத்தான் ஊரில் இறங்குவீர்கள். ஆக, கையில் இருப்பது மூன்றே முக்கால் மணி நேரம்.

என் அளவுகோல் இதுதான். ஊரில் இறங்கிய பிறகு இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக மிஞ்சினால் போகாதீர்கள். இரண்டிலிருந்து நான்கு வரை என்றால் கே.எல். சென்ட்ரலை ஒட்டிய பிரிக்ஃபீல்ட்ஸ் மட்டும். ஐந்துக்கு மேல் என்றால் பத்துமலை முருகன் கோயில். எதுவானாலும் ஒரே ஓர் இடம். 'அதையும் பார்த்துவிடலாமே' என்று மாமா ஆரம்பிப்பார், விடாதீர்கள்.

இரட்டைக் கோபுரத்தைப் பட்டியலில் சேர்க்காததற்கு மன்னிக்கவும். மேலே ஏற நேரம் குறித்த டிக்கெட் வேண்டும், திங்கட்கிழமை மூடியிருக்கும். கீழே நின்று படம் எடுக்க மட்டும் என்றால் அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாம்.

படி 4: பெட்டி

இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம். இரண்டு முனையங்களிலும், கே.எல். சென்ட்ரலிலும் பெட்டி வைக்க இடம் உண்டு. விமான நிலையத்திலேயே வைத்துவிடுவது உத்தமம். கையில் கடப்பிதழ், போன், சார்ஜர், குடை போதும். இங்கே பிளக் மூன்று சதுரக் கால் கொண்டது. இந்தியச் சார்ஜர் நுழையாது, அடாப்டர் ஒன்று வைத்திருங்கள். குடையைச் சும்மா சொல்லவில்லை. மதியம் மூன்று, நான்கு மணிக்கு இந்த ஊரில் மழை கொட்டினால் கொட்டியதுதான்.

படி 5: ரயில் ஏறுங்கள்

கே.எல்.ஐ.ஏ. எக்ஸ்பிரஸ் முதல் முனையத்திலிருந்து 28 நிமிடத்தில், இரண்டாம் முனையத்திலிருந்து 33 நிமிடத்தில் கே.எல். சென்ட்ரல் போய்விடும். முதல் முனையத்தை விட்டால் நடுவில் எங்கும் நிற்காது. பெரியவர்களுக்கு ஒரு வழிக்கு 55 வெள்ளி (ரிங்கிட்). நெஞ்சு கொஞ்சம் வலிக்கும் விலைதான், ஆனால் நேரம் இல்லாதவர்களுக்கு இதுதான் வழி. அதே தண்டவாளத்தில் நின்று நின்று போகும் டிரான்சிட் ரயில் இன்னும் சில நிமிடம் கூடுதலாக எடுக்கும்.

பஸ் மலிவு. ஆனால் ஒரு மணி நேரம் ஆகும், நெரிசல் என்றால் அதற்கும் மேல். நாலு பேராகப் போனால், செயலியில் கூப்பிடும் கிராப் வாடகைக் காருக்குச் செலவு குறையும். போகும்போது காரில் போங்கள், திரும்பும்போது ரயிலில் வாருங்கள். மாலை ஐந்து மணிக்குக் கோலாலம்பூர் சாலையில் காரில் உட்கார்ந்துகொண்டு விமானத்தைப் பிடிக்கலாம் என்று நம்புவது வீரம்தான், புத்திசாலித்தனம் அல்ல.

படி 6: பிரிக்ஃபீல்ட்ஸ்

கே.எல். சென்ட்ரலில் இறங்கி, ஒட்டியிருக்கும் நு சென்ட்ரல் பேரங்காடி வழியாக நடந்தால் ஜாலான் துன் சம்பந்தனில் வெளியே வருவீர்கள். தலைக்கு மேலே மோனோரயில் ஓடும். இந்தத் தெருப்பெயரைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்து போகாதீர்கள். ரப்பர் தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், தோட்டத் தொழிலாளர்களைப் பங்குதாரர்களாகச் சேர்த்து 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் துன் வீ. தி. சம்பந்தன். அமைச்சராகவும் ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவராகவும் இருந்தவர்.

இந்தப் பகுதியில் ஒரு காலத்தில் செங்கல் சூளைகள் இருந்தன. பிறகு ரயில்வே பணிமனை வந்தது, அதில் வேலை பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஸ்காட் சாலையில் இருக்கும் கந்தசுவாமி கோயில் யாழ்ப்பாணத்தார் கட்டியது. மதியத்தில் நடை சாத்தியிருக்கும், அதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். வண்ண வளைவுகளும் நீரூற்றும் வைத்து 'லிட்டில் இந்தியா' ஆக்கியது 2010-இல்தான். சாஞ்சித் தோரணத்தைப் போல இந்தியா கட்டிக்கொடுத்த வாசல் 2015 நவம்பரில் திறக்கப்பட்டது. படம் எடுக்க அது போதும்.

முதல் வேலை, வாழையிலைச் சாப்பாடு. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு 'இதென்ன நம்ம ஊர்ச் சாப்பாடுதானே' என்று தோன்றும். உட்கார்ந்து பாருங்கள். இலை போட்டதும் மூன்று நாலு காய் விழும். அதில் மொறுமொறுவென்று பொரித்த பாகற்காய் இருந்தால் இரண்டாவது தடவையும் கேளுங்கள், முகம் சுளிக்காமல் வைப்பார்கள். சோற்றுக்கு மேல் பருப்பா, மீன் குழம்பா, கோழிக் குழம்பா என்று வாளியோடு ஒருவர் நிற்பார். பலர் மூன்றையும் கலந்து ஊற்றச் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது, மீன் குழம்பு தனியாகத்தான். அப்பளம், பொரித்த மோர் மிளகாய், கடைசியில் ரசம். சோறும் காயும் எத்தனை தடவை கேட்டாலும் பெரும்பாலான கடைகளில் கூடுதல் காசு கிடையாது. மீன் பொரியல், நண்டுப் பிரட்டல் எடுத்தால்தான் பில் ஏறும். அதனால் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று விரல் நீட்டும்போதே விலையைக் கேட்டுவிடுங்கள்.

தேநீர் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. 'தே' என்றால் கெட்டிப் பால் ஊற்றி, இனிப்பாக வரும். 'தே ஓ' என்றால் பால் இல்லை, சீனி உண்டு. 'தே ஓ கோசோங்' என்றால் இரண்டும் இல்லை. சர்க்கரைக்காரர்கள் இந்தக் கடைசியை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும். "அண்ணே, ஒரு தே ஓ கோசோங்" என்றால் கேள்வி கேட்காமல் வந்துவிடும்.

சாப்பிட்ட பிறகு பூக்கடைப் பக்கம் நடங்கள். நடைபாதையில் மல்லிகையும் சாமந்தியும் கட்டிக்கொண்டிருப்பார்கள். சில நாள் கிளி ஜோசியரும் இருப்பார். தரையில் மஞ்சள் நிறத்தில் மேடு தட்டிய ஓடுகள் பதித்திருப்பது கண்ணில் படும். அது பார்வையற்றோர் கோலால் தடவி நடப்பதற்கு. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது, அதனால் பார்வையற்றவர்கள் நடத்தும், உடம்பு பிடித்துவிடும் நிலையங்களும் இங்கே பல. நான் யாருக்கு வழி சொன்னாலும் இதை விடுவதில்லை. பிளாஸ்டிக் நாற்காலியிலேயே பாதி நாள் கழித்த உடம்புக்கு அரை மணி நேரம் கால், தோள் பிடித்துவிட்டால் வேறு எந்தச் சுற்றுலாவும் தேவையில்லை. விலைப் பட்டியல் சுவரிலேயே இருக்கும். கட்டைவிரல் நேராக நோகும் இடத்துக்கே போகும், பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். நேரத்தை மட்டும் போனில் அலாரம் வைத்துவிடுங்கள், தூங்கிவிடுவீர்கள்.

மாலை நேரம் என்றால், எல்.ஆர்.டி. நகர ரயிலில் ஒரே ஒரு நிலையம் தள்ளி பசார் செனி. அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஜாலான் துன் எச்.எஸ். லீயில் 1873-இல் தொடங்கிய மகா மாரியம்மன் கோயில். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படுவது இங்கிருந்துதான்.

ஐந்து மணி நேரத்துக்கு மேல் இருந்தால்

பத்துமலைக்குக் கே.எல். சென்ட்ரலிலிருந்தே கே.டி.எம். கொமூட்டர் ரயில் கோயில் வாசல்வரை போகும். ஓட்டம் அரை மணி நேரம் சொச்சம்தான். ஆனால் அடுத்த ரயிலுக்கு அரை மணியோ அதற்கு மேலோ நிற்க வேண்டி வரலாம். அதனால் இறங்கியதும் முதலில் திரும்பும் ரயிலின் நேரத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு முருகனைப் பாருங்கள். 42.7 மீட்டர் சிலை, 272 படி. அரைக்கால் சட்டை போட்டவர்கள் கீழேயே துணி வாடகைக்கு எடுத்துச் சுற்றிக்கொள்ளலாம். கையில் தின்பண்டம், பிளாஸ்டிக் பை எதுவும் வேண்டாம். குரங்கு உங்களைவிட வேகம்.

இரவு நேரத் தாமதம் அல்லது வெளியே வர முடியாதவர்கள்

இரவு பத்துக்கு மேல் ஊருக்குள் போவதில் அர்த்தமில்லை. மாமாக் கடை (இந்திய முஸ்லிம்களின் சாப்பாட்டுக் கடை) திறந்திருக்கும், ஆனால் நள்ளிரவை ஒட்டி ரயில் நின்றுவிடும். இரண்டாம் முனையத்தில் மணிக்கணக்குக்கு வாடகைக்கு விடும் பெட்டி அறைகள் இருக்கின்றன. மூன்று மணி நேரத் தூக்கம் போதும் என்பவர்களுக்குச் சரியாக இருக்கும். முதல் முனையத்தில் உள்ளே போய்விட்டவர்கள் துணைக் கட்டடத்தின் நடுவே இருக்கும் சின்னக் காட்டுக்குள் நடக்கலாம். கண்ணாடிக் கதவைத் திறந்தால் நிஜ மரம், நிஜ ஈரம். முன்பக்கம் இருப்பவர்கள் பக்கத்து மிட்சுய் அவுட்லெட் பேரங்காடிக்குப் பஸ்ஸில் போய்விடலாம்.

படி 7: திரும்புதல்

கணக்குப் போட்ட நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் ரயிலடிக்கு வாருங்கள். ஏறுவதற்கு முன் எந்த முனையம் என்று மறுபடி பாருங்கள். ஏர் ஏசியா இரண்டாவது. மாறி இறங்கிவிட்டால் பதற வேண்டாம், இரண்டுக்கும் நடுவே ரயில் மூன்று நிமிடம், கட்டணம் 2 வெள்ளி. இரண்டாம் முனையத்தில் வாயிலுக்கு நடை ரொம்ப நீளம். வயசானவர்கள் இருந்தால் சக்கர நாற்காலியை முன்பே கேட்டு வையுங்கள்.

சாப்பாட்டுக் கூப்பன் தர மறுத்தார்கள், பணமும் திரும்பி வரவில்லை என்றால் ரசீதுகளையும் தாமதக் கடிதத்தையும் படம் எடுத்து முதலில் விமான நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் அனுப்புங்கள். அங்கே தீராவிட்டால் அடுத்தது மலேசிய சிவில் வான் போக்குவரத்து ஆணையம். முன்பு இதைக் கவனித்த மாவ்கோம் என்ற ஆணையம் 2025 ஆகஸ்டு 1 முதல் அதோடு இணைந்துவிட்டதால், பழைய பதிவுகளில் பார்க்கும் மாவ்கோம் முகவரிக்கு எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம்.